மீட்டர் ஓடாத வீடு

லாட்ஃபொன்டெய்ன் என்றால் தாமதமாய் வரும் ஊற்று.
ஏழு வருடமாய் வரவில்லை.
ஊர்ப் பெயரை யாரும் மாற்றவுமில்லை.

நான் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் வாசிப்பவன்.
இரும்பு மூடியைத் தூக்கினால் முதலில் சிலந்தி,
பிறகு எண்கள்.
ஏறியிருந்தால் குறித்துக்கொள்வேன்.
ஏறாவிட்டால் மேலே சொல்ல வேண்டும்.

பூய்சென் வீட்டில் ஏறவில்லை.
காரூ முழுக்கத் தொண்டை காய்ந்து கிடக்க
இவள் மட்டும் எப்படி,
மீட்டருக்குத் தெரியாமல் குழாய் போட்டிருப்பாள்,
போய்ப் பார் என்றார்கள்.

அக்டோபர், முற்பகல் பதினொன்று.
முன்கதவு நன்றாக இருந்தது:
பச்சை வண்ணம், பித்தளைப் பிடி, மிதியடி.
பத்து நிமிடம் தட்டினேன்.
‘அந்தக் கதவுக்குப் பின்னால் பீரோ நிற்கிறது’
என்றது வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்.
மண் வறண்டு வீடு இறங்கியதில்
நிலை இறுகிவிட்டதாம்.

ஸரேல்டா பூய்சென். இரவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்.
தலையணை மடிப்பு இன்னும் கன்னத்தில் இருந்தது.

பின்னால் அழைத்துப் போனாள்.
புல்தரை இருந்த இடத்தில்
இடுப்புயரப் புதர்கள், சாம்பல் தட்டிய பச்சை,
ஊசி ஊசியாய் இலை,
கசக்கினால் மருந்துக்கடை வாசம்.
கிளையெல்லாம் பஞ்சு,
உச்சி வெயிலில் உறைபனி விழுந்ததுபோல்.

கபோக்பொஸ் என்றாள்.
ரயில் பாதையோரம் ஒடித்து வந்த கொம்புகள்.
முதல் கோடையில் முகம் கழுவிய நீர்,
வாரத்துக்கு ஒரு கோப்பை.
இரண்டாம் கோடையில் மறந்துபோனாள்.
செடி ஞாபகப்படுத்தவில்லை.
குளிர்காலத்தில் வெள்ளையாய்ப் பூத்தபோது
தேனீக்கள்தான் வந்து சொல்லின.

புதரடியில் ஓர் ஆமை
தலையை உள்ளே இழுத்துக்கொண்டு
எங்கள் பேச்சு முடியக் காத்திருந்தது.
மேலே இரண்டு குருவிகள்,
சேர்த்து நிறுத்தால் நாலு கரண்டிச் சர்க்கரை இருக்கும்,
அலகு கொள்ளாமல் பஞ்சு பிடுங்கின.
இலவு காத்த கிளிக்குக் கடைசியில் பஞ்சு.
இவற்றுக்கு முதலிலிருந்தே பஞ்சுதான் வேண்டும்.

வேலியோர முள்மரத்தில் தொங்கியது கூடு,
ஒற்றைக் கம்பளிக் காலுறையைக்
கொடியில் யாரோ மறந்ததுபோல்.
நடுவில் நல்ல அகலமான வாசல்.
‘விரலை விட்டுப் பாருங்கள்.’
விட்டேன்.
ஒரு கணு ஆழம். அப்புறம் சுவர்.

போன வாரம் ஒரு பாம்பு இதில் தலை நுழைத்து
வெறும் பஞ்சை நாக்கால் விசாரித்துவிட்டு
இறங்கிப் போனதாம்.
உண்மை வாசல் அதற்கு மேலே,
பேச மாட்டேன் என்று அழுத்திய உதடுபோல்
ஒட்டிக் கிடந்தது.
நாங்கள் விலகி நின்றதும் குருவி வந்தது,
காலால் நெம்பியது, உள்ளே போனது.
உதடு மூடிக்கொண்டது.

‘நீங்களும் பெரிய வாசலில்தான் தட்டினீர்கள்.’

நான் சீருடையில் இருந்தேன்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு,
மூன்று விரல் அகலம்.
மீட்டர் சரி, என்று எழுதினேன்.
குழாய் ஏதுமில்லை, என்று எழுதினேன்.
மிச்சத்தை வெள்ளையாகவே விட்டேன்.
சட்டைக் கையில் ஒட்டிய பஞ்சு மட்டும்
அலுவலகம் வரை கூட வந்தது.

மூன்று கொம்புகள் கொடுத்தனுப்பினாள்,
ஈரக் காகிதத்தில் சுற்றி.
இரண்டு அழுகிவிட்டன.
நாளைக்கு இருமுறை ஊற்றினேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
மாதக் கடைசியில் என் வீட்டு மூடியை நானே தூக்கி
ஏறிய எண்ணை நானே எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவதை வடக்குச் சுவரோரம் நட்டுவிட்டு
அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன்.
ஜன்னலுக்குத் திரை வாங்கினேன்.
வாளியை அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறேன்.

இன்று பதினெட்டாம் நாள்.